பாசிகாட்டுக்கு மூன்றரை மணி நேரம்: வேலூரிலிருந்து புறப்பட்ட ஒரு பயணத்தின் கணக்கு

வேலூர் காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நானும் என் தம்பியும் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறோம். ரயில், பஸ், விமானம் எல்லாம் போடுவோம். வருகிறவர்கள் பெரும்பாலும் சிஎம்சிக்கு வைத்தியத்துக்காக வந்து, அதை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா என்று ஊர்ப் பெயர்கள் எங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் 2022 நவம்பர் கடைசி வாரத்தில் வந்த பெரியவர் சொன்ன ஊருக்கு அதுவரை நாங்கள் ஒரு டிக்கெட் கூடப் போட்டதில்லை. அருணாசலப் பிரதேசத்தில் சியாங் ஆற்றங்கரையில் இருக்கும் பாசிகாட்.

அவர் மனைவிக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பெரியவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று டாக்டர் எழுதிக் கொடுத்தது: விமானத்தில் போகலாம், தொடர்ந்து நெடுநேரம் உட்காரக் கூடாது, மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். இன்னொன்று ஊரிலிருக்கும் மகன் இணையத்தில் பார்த்து லாட்ஜ் மேனேஜர் போனுக்கு அனுப்பி, அவர் அச்செடுத்துக் கொடுத்தது. அதில் இரண்டே வரி. வேலூர் விமான நிலையத்திலிருந்து பாசிகாட் விமான நிலையத்துக்குத் தூரம் 2,385 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 3 மணி 29 நிமிடம்.

இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்துப் பெரியவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மூன்றரை மணி நேரம்தானே, நடுவில் மூன்று முறை எழுந்து நடந்தால் டாக்டர் சொன்னபடி ஆகிவிடும், சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். "நாளை மறுநாளைக்கு இரண்டு சீட் கிடைக்குமா?" என்று இந்தியில் கேட்டார்.

அந்தத் தாளில் இருந்த தூரம் சரியான தூரம். நேரமும் ஒரு கணக்குப்படி சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த விமானத்திலும் ஏற முடியாது. அவருக்கு அதை எப்படி விளக்கினேன், என்ன வழி போட்டுக் கொடுத்தேன், எதில் சரியாக நடந்தேன், எதில் தவறினேன் என்பதை டைரியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதே மாதிரித் தாளோடு இன்னும் பலர் வருகிறார்கள்.

3 மணி 29 நிமிடம் எப்படி வந்தது

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. வேலூர் விமான தளம் ஏறக்குறைய 12.9 டிகிரி வடக்கு, 79.1 டிகிரி கிழக்கு. பாசிகாட் 28.1 டிகிரி வடக்கு, 95.3 டிகிரி கிழக்கு. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டு, அதன் மேல்பரப்பில் இந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எவ்வளவு நீளம் வரும் என்று கணக்குப் போட்டால் 2,385 கிலோமீட்டர் வரும். பெருவட்டத் தூரம் என்பது இதுதான். தம்பி எனக்காக அதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினான், அதே விடை வந்தது.

நேரம் அதைவிட எளிது. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று எடுத்துக்கொண்டு வகுத்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவாக வரும். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் 3 மணி 29 நிமிடம். அவ்வளவுதான் அந்தக் கணக்கு. அங்கே விமானம் இருக்கிறதா, எத்தனை மணிக்கு, எந்தக் கிழமையில் என்ற கேள்வி அதற்குள் வரவே இல்லை.

வேலூர் விமான தளம் அப்துல்லாபுரத்தில், பெங்களூர் போகும் வழியில் இருக்கிறது. சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டப் பட்டியலில் அதன் பெயர் உண்டு. ஆனால் அந்த நவம்பரில் அங்கிருந்து பயணிகள் விமானம் எதுவும் பறக்கவில்லை. பறந்திருந்தாலும், அங்குள்ள ஓடுதளத்தில் பத்தொன்பது பேர் போகும் சின்ன விமானம்தான் இறங்கி ஏற முடியும். 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் ஓடுதளம் வேண்டும்.

பாசிகாட் கதை வேறு. அது விமானப் படையின் தளம். 2018 மே 21 அன்றுதான் அங்கே முதல் பயணிகள் விமானம் இறங்கியது. 2022 ஏப்ரல் 12 அன்று, இந்தியாவிலேயே கட்டிய டோர்னியர் 228 விமானம் திப்ருகருக்கும் பாசிகாட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. பதினேழு பேர் உட்காரலாம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சீட், நடுவில் குறுகிய வழி. பெரிய ஜெட்டின் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் வரும். எரிபொருளும் அவ்வளவு தூரத்துக்குப் போதாது. பேச்சுக்கு வேலூரிலிருந்து நேராகப் பாசிகாட்டுக்கு அதை ஓட்டினால், வழியில் நின்று எரிபொருள் போட்டுக்கொண்டு, காற்றில் மட்டுமே ஆறேழு மணி நேரம் ஆகும்.

ஆக, ஒரு முனையில் விமானமே இல்லை. இன்னொரு முனையில் சின்ன விமானம். நடுவில் ஜெட்டின் வேகத்தைப் போட்டு வந்த விடைதான் பெரியவர் கையில் இருந்த தாள்.

ஒரே கோட்டில் இருக்கும் ஊர்கள்

எப்படிச் சுற்றிப் போவது என்று பார்க்கும்போது எனக்கே வியப்பாக இருந்த ஒன்று தெரிந்தது. சென்னையிலிருந்து கொல்கத்தா 1,385 கிலோமீட்டர். கொல்கத்தாவிலிருந்து திப்ருகர் 850. திப்ருகரிலிருந்து பாசிகாட் 72. வேலூர் தளத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் 120. எல்லாம் கூட்டினால் 2,427 கிலோமீட்டர். நேராகப் போனால் 2,385. வித்தியாசம் 42 கிலோமீட்டர், நம் ஊரிலிருந்து ஆரணிக்குப் போகிற தூரம். வரைபடத்தில் நூல் வைத்துப் பார்த்தால் சென்னை, கொல்கத்தா, திப்ருகர் மூன்றும் அந்த நூலை ஒட்டியே கிடக்கின்றன.

அதாவது சுற்றிப் போவதால் தூரம் கூடவில்லை. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மூன்றரை மணி நேரம் இரண்டரை நாளாக மாறியதற்கு முழுக் காரணமும் தரையில் இருக்கிறது. இதைக் கண்டபிறகு என் வேலை எனக்குத் தெளிவானது. தூரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த அம்மாள் எங்கே எவ்வளவு நேரம் உட்காருவார், எங்கே படுப்பார் என்று பார்க்க வேண்டும்.

மகன் போனில் வந்தார். ஒரே நாளில் சென்னை, கொல்கத்தா, திப்ருகர், பாசிகாட் என்று மூன்று விமானம் சேர்த்து ஓர் இணையதளம் காட்டுகிறது, அதையே போடுங்கள் என்றார். நானும் பார்த்தேன். அவை தனித்தனி டிக்கெட்டுகள், தனித்தனி பிஎன்ஆர். ஓர் இடத்தில் நடுவே ஐம்பது நிமிடம்தான் இருந்தது. ஒரே பிஎன்ஆரில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகும்போது அடுத்ததில் ஏற்றிவிடுவது விமானக் கம்பெனியின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் தவறவிட்ட டிக்கெட் போனது போனதுதான். வீல்சேரில் வருகிறவர் எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்குவார். பெட்டி எடுத்து, மறுபடி செக்-இன் செய்து, சோதனை தாண்டி ஓட ஐம்பது நிமிடம் நல்ல காலுக்கே போதாது.

சரி, ரயில் எப்படி என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ், நாட்டிலேயே நீண்ட தூரம் ஓடும் ரயில், நம் காட்பாடியில் நிற்கும். காட்பாடியிலிருந்து திப்ருகருக்கு ஏறக்குறைய 58 மணி நேரம். மாறி ஏற வேண்டியதில்லை, படுத்துக்கொண்டே போகலாம். ஆனால் ஐந்து வாரத்தில் அந்த இடுப்போடு உயரமான ரயில் படி, ஆடும் பெட்டியில் கழிப்பறைக்கு நடை, அவசரத்துக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்குமா என்ற நிச்சயமின்மை, இந்த மூன்றையும் சொன்னதும் பெரியவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார். டாக்டரும் விமானம் என்றுதான் எழுதியிருந்தார்.

கடைசியில் இப்படி முடிவானது. முதல் நாள் காரில் சென்னை, அங்கிருந்து கொல்கத்தா, இரவு அங்கே. இரண்டாம் நாள் திப்ருகர், இரவு அங்கே. மூன்றாம் நாள் காலை டோர்னியரில் பாசிகாட், அரை மணி நேரத்துக்குள் போய்விடும். அந்தச் சின்ன விமானம் தினமும் இல்லை, குறிப்பிட்ட கிழமைகளில்தான். அதனால் மூன்றாம் நாளை முதலில் நிர்ணயித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து புறப்படும் நாளைப் போட்டோம். பெரியவர் கேட்ட நாளைவிட மூன்று நாள் தள்ளிப் போனது. வீல்சேர் வேண்டுமென்று 48 மணி நேரத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தோம். இடுப்பில் உலோகம் இருப்பதால் சோதனை வாசலில் மணி அடிக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள் என்று சொன்னோம்.

மூன்று நாள்

காரோட்டி சத்துவாச்சாரிக்காரர், நம் கடைக்குப் பழக்கமானவர். மணிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும் என்றதும், "அக்கா, ஓச்சேரில ஒண்ணு, சுங்குவார்சத்திரத்துல ஒண்ணு, போதுமா?" என்று கேட்டார். போதும் என்றேன். காலை 5 மணிக்கு லாட்ஜ் வாசலில் ஏறி 8:10க்கு மீனம்பாக்கம். ஆறு வழி வேலை நடக்கும் இடங்களில் குலுங்கல் அதிகம் என்று அந்த அம்மாள் சொன்னதாகப் பெரியவர் அப்புறம் சொன்னார். மொத்தப் பயணத்திலும் அவருக்கு வலி வந்தது இந்தச் சாலையிலும் கடைசி நாள் சாலையிலும்தான், விமானத்தில் ஒன்றும் தெரியவில்லையாம்.

10:30க்குப் புறப்பட்ட விமானம் 12:50க்குக் கொல்கத்தா. 2 மணிக்கு அறையில் படுத்துவிட்டார். மறுநாள் 9 மணிக்குக் கிளம்பி, 11:15 விமானத்தில் 12:55க்குத் திப்ருகரின் மோகன்பாரி நிலையம். 2 மணிக்கு மறுபடி படுக்கை. அதுவரை எனக்குப் போனில் வந்த செய்தி எல்லாம் நல்ல செய்தி.

மூன்றாம் நாள் காலை 8:25க்கு நிலையத்தில் இருந்தார்கள். 10 மணி விமானம். மேகம் கலையவில்லை. அந்த மாதிரிச் சின்னத் தளங்களில் பெரும்பாலும் கண்ணால் தரையைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். பாசிகாட் இருப்பதோ மலைகள் எழும்பத் தொடங்கும் இடத்தில். 10 மணி 11 ஆயிற்று. 11:40க்கு இன்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த வானத்தில் பறக்காமல் இருந்ததுதான் சரி. ஆனால் அடுத்த விமானம் மறுநாள் இல்லை.

கார் வைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றேன். இதற்கு ஒரு காரணம் இருந்தது. 2018 டிசம்பர் 25 அன்று பிரம்மபுத்திராவின் மேல் போகிபீல் பாலம் திறந்தார்கள், ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளம், மேலே சாலை, கீழே ரயில். அதற்கு முன் அந்த இடத்தில் படகில்தான் ஆற்றைத் தாண்ட வேண்டும். பாலம் இல்லாத காலத்தில் இதே நிலை வந்திருந்தால், அந்த இடுப்போடு அவரைப் படகில் ஏற்றி இறக்க வேண்டியிருந்திருக்கும். இப்போது 72 கிலோமீட்டர் வான்வழிக்குப் பதில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் சாலை. போகிபீல், ஜோனாய், ருக்சின் வழியாக 12:10க்குக் கிளம்பினார்கள்.

இருட்டிவிடும் என்பதை நான் நினைக்கவே இல்லை. நமக்கும் அவர்களுக்கும் கடிகாரம் ஒன்று, சூரியன் ஒன்றல்ல. பாசிகாட் நம்மைவிடப் பதினாறு டிகிரிக்கு மேல் கிழக்கே இருக்கிறது. டிகிரிக்கு நான்கு நிமிடம் வீதம் சூரியன் அங்கே ஒரு மணி ஐந்து நிமிடம் முந்தி வந்து முந்திப் போய்விடும். வடக்கே தள்ளி இருப்பதால் குளிர்காலப் பகலும் இன்னும் குறுகும். நவம்பர் கடைசியில் வேலூரில் 5:45க்கு மறையும் சூரியன் அங்கே 4:15க்கு மறைந்துவிடுகிறது. கடைசி முக்கால் மணி நேரம் இருட்டில் போனார்கள். 5:05க்கு வீட்டு வாசலில் நின்று பெரியவர் போன் செய்தபோது, இங்கே நம் சந்தில் இன்னும் வெயில் மிச்சம் இருந்தது.

லாட்ஜ் படுக்கையிலிருந்து வீட்டுப் படுக்கைக்கு 60 மணி 5 நிமிடம். டைரியில் பிரித்து எழுதியிருக்கிறேன். விமானத்தில் இருந்தது சரியாக 4 மணி நேரம். கார்களில் 9 மணி 50 நிமிடம். விமான நிலையங்களில் 9 மணி 15 நிமிடம். அறைகளில் 37 மணி நேரம். மகன் அனுப்பிய தாளில் இருந்த 3 மணி 29 நிமிடம், இதில் அந்த முதல் 4 மணி நேரத்தோடு மட்டும்தான் ஒத்துப்போகிறது.

ரயிலில் போயிருந்தால் திப்ருகர்வரை 58, அங்கிருந்து சாலையில் ஐந்து, ஆக 63 மணி நேரம். மூன்று மணி நேரம்தான் மிச்சம். அதற்கு விமானம் எதற்கு என்று எங்கள் கடைக்கு வரும் ஒருவர் கேட்டார். அந்த 37 மணி நேரத்துக்காகத்தான். ஆடாத கட்டிலில், பக்கத்திலேயே கழிப்பறையோடு, இரண்டு முழு இரவு. காலில் வீக்கம் இல்லாமல் வீடு சேர்ந்தார்.

நான் செய்த தவறுகள்

பெரிய தவறு ஒன்று. டோர்னியரில் ஏறுவது எப்படி என்று நான் விசாரிக்கவில்லை. பெரிய விமானத்துக்கு நடைபாலம் உண்டு, இல்லாவிட்டால் வீல்சேரோடு தூக்கி ஏற்றும் வண்டி உண்டு. சின்ன விமானத்தில் கதவோடு சேர்ந்த குறுகிய படி, உள்ளே குனிந்து நடக்கும் உயரம். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் ஆழமாகக் குனியக் கூடாது, தாழ்ந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புவார்கள். இது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அன்று மேகம் கலைந்திருந்தால் அந்தப் படியில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

இரண்டாவது, மாற்று வழியை நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு தேடியது. போகிபீல் வழி எனக்குத் தெரிந்திருந்தும், முதல் நாளே ஒரு காரைச் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைத்திருந்தால் 10:30க்கே காத்திருப்பை விட்டுவிட்டுக் கிளம்பி வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

கொல்கத்தாவில் ஓர் இரவு தேவையா என்று தம்பி இன்றும் கேட்கிறான். ஒரே பிஎன்ஆரில் கிடைத்தால் சென்னையிலிருந்து திப்ருகருக்கு அன்றே போயிருக்கலாம். அப்படிப் போனால் காலை 5 மணிக்குக் காரில் ஏறியவர் இருட்டிய பிறகு, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தபடி இருந்து இறங்குவார். ஐந்து வாரத்தில் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். மூன்று மாதம் ஆனவர் என்றால் அப்படியே போட்டிருப்பேன்.

அப்துல்லாபுரத்தில் விமானம் ஓடியிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்றும் கணக்குப் பார்த்தேன். லாட்ஜிலிருந்து தளத்துக்கு அரை மணி, முன்கூட்டியே போய் நிற்க ஒரு மணி, சென்னைக்குப் பறக்க ஏறக்குறைய 35 நிமிடம். இரண்டு மணியைத் தாண்டிவிடுகிறது. காரில் 3 மணி 10 நிமிடம். கிடைப்பது ஒரு மணி நேரம். அதுவும் அந்தச் சின்ன விமானம் கொல்கத்தா விமானத்துக்கு ஒத்துப்போகும் நேரத்தில் இறங்கினால்தான். மதியம் இறங்கினால் ஒரு நிமிடமும் மிச்சமில்லை, கூடுதலாக ஓர் இரவு சென்னையில். அப்துல்லாபுரம் வரட்டும், வர வேண்டும். குலுங்கும் சாலையில்லாமல் ஒரு நோயாளி சென்னை போய்ச் சேர்ந்தால் அது பெரிய உதவி. அதற்கு ஓடுதளத்தின் நீளத்தோடு சேர்த்து நேர அட்டவணையையும் யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும். காலை விமானம் ஒன்று, சென்னையிலிருந்து கிழக்கே கிளம்பும் விமானங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னால். வேலூருக்கு வருகிறவர்கள் எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள் என்று காந்தி ரோட்டில் உள்ள கடைப் பலகைகளின் எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

அதன் பிறகு கடையில் ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருக்கிறோம். தூரம் என்ற கட்டமே அதில் இல்லை. எத்தனை மணிக்குப் படுக்கையை விட்டு எழ வேண்டும், தொடர்ந்து உட்காரும் நீண்ட நேரம் எது, எங்கே படி ஏற வேண்டும், எந்தக் கிழமை விமானம், அங்கே சூரியன் எப்போது மறையும், விமானம் போகாவிட்டால் யாருடைய கார். இவற்றை நிரப்பிக் கொடுத்த பிறகுதான் பணம் வாங்குகிறோம்.

2023 மே மாதம் அந்த அம்மாளுக்கு மறுபரிசோதனை. மகன் எங்களுக்குப் போன் செய்தார். சீட்டை வாட்ஸப்பில் அனுப்பினோம், விமானத்துக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று. இரண்டையும் வீட்டில் வைத்துப் பேசி ரயில் என்று சொன்னார்கள். நல்ல வேளையாக இரண்டு கீழ்ப் படுக்கை கிடைத்தது. காட்பாடியில் தம்பி வீல்சேரோடு போய் நின்றான். அந்த அம்மாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் படியில் தானே இறங்கினார்.